சுவர் இச்சி, சட்டி மரம்

கும்பகோணத்தில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு கோபுரம் கண்ணில் படும். குடமுழுக்கு நடந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தால், அதன் சுதைப் பொம்மைகளுக்கு நடுவே ஒரு செடியும் கண்ணில் படும். அரசோ, ஆலோ, இச்சியோ. கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மைனாவும் குக்குறுவானும் பழம் தின்று எச்சமிட, அதிலிருக்கும் விதை காரை வெடிப்பில் ஒட்டிக்கொள்கிறது. மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெயில்தான். அப்படியும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். உயரம் முழங்கால் அளவு. அடித்தண்டோ கிழமரம்போல முறுக்கேறிக் கிடக்கும்.

தொட்டியில் மரம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் செடியைத்தான். கோபுரத்தில் கை வைக்க வேண்டாம். அது கோயிலின் வேலை. நம் வீட்டுக் கிணற்றுச் சுவரிலும் மதில் வெடிப்பிலும் இதே இச்சி முளைத்திருக்கும்.

போன்சாய் என்றதும் பலருக்கு ஜப்பானியப் படங்களில் வரும் பைனும் மேப்பிளும்தான் நினைவுக்கு வரும். அந்த மரங்களுக்கு ஆண்டுதோறும் சில மாதக் குளிர்த் தூக்கம் தேவை. தஞ்சாவூர் மார்கழிப் பனி அதற்குப் போதாது. இரண்டு மூன்று ஆண்டில் சோர்ந்து செத்துவிடும். நம்மூர் வெயிலுக்குப் பிறந்த மரம்தான் நம்மூர்த் தொட்டிக்கு ஆகும்.

அதிலும் இலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளையையும் வேரையும் வெட்ட வெட்ட இலை ஓரளவு சிறுக்கும்; பூவும் காயும் சிறுக்காது. ஆலிலை உள்ளங்கை அகலம். எவ்வளவு சிறுத்தாலும் ஒரு சாண் மரத்தில் அது முறம்போலத் தொங்கும். அரசும் பூவரசும் அப்படியே. இச்சி இலை விரல் நீளம்தான், பழக்கினால் பாதியாகும். புளிக்கும் வன்னிக்கும் சிற்றிலைகள் இயல்பிலேயே பொடி. வேலியில் நிற்கும் கிளுவை, போத்து வெட்டி நட்டாலே வேர்விடும். குரங்கு வெற்றிலை என்று நாம் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் புதர்ச்செடிக்கு வெளிநாட்டுப் போன்சாய்க் கடைகளில் ‘ஃபூகியன் டீ’ என்று பெயர். பொடி இலை, வெள்ளைப் பூ, சிவந்த பழம், நல்ல விலை.

தொட்டி வேண்டாம், வாசலில் நாலடி மண் இருக்கிறது என்பவர்களுக்குப் பவழமல்லியும் நந்தியாவட்டையும் போதும். பவழமல்லி புதுத்துளிரில்தான் பூக்கும். பூத்து ஓய்ந்தபின் கிளைகளைக் குறைத்து விட்டால், அடுத்த பருவத்துக்குள் குடைபோலக் கட்டுக்குள் நிற்கும்.

மண்ணில்தான் டெல்டாக்காரர்கள் ஏமாறுகிறோம். காவிரி கொண்டுவந்த களிமண்ணைப்போல நெல்லுக்கு உகந்தது வேறில்லை. தண்ணீரைத் தேக்கி வைக்கும். தொட்டியில் அந்தக் குணமே எமன். ஈரமானால் துகள்கள் உப்பி ஒட்டிக்கொள்ளும், காற்றுப் போக வழி இருக்காது, வேர் மூச்சுத் திணறி அழுகும். காய்ந்தாலோ தொட்டி ஓரத்தில் பாளமாக வெடித்து, ஊற்றும் தண்ணீரெல்லாம் இடுக்கு வழியே ஓடிவிடும். நெல்லின் தண்டுக்குள் காற்றுக் குழல்கள் உண்டு. இலை வாங்கும் காற்று அவற்றின் வழியே வேருக்கு இறங்கும். இச்சிக்கு அந்த வசதி கிடையாது.

ஜப்பானியர்கள் இதற்கென்று அகடாமா என்னும் எரிமலை மண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு உடைந்த செங்கல் போதும். மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவுவரை உடைத்து, தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு, அதில் இரண்டு பங்கு. குறுமணல் ஒரு பங்கு. மக்கிய எருவும் உமிக்கரியும் சேர்த்து ஒரு பங்கு. உமிக்கரிக்கு இங்கே பஞ்சமா என்ன? யோசித்துப் பார்த்தால் இந்தக் கலவை, கோபுர இச்சி குடியிருக்கும் செங்கல் காரையைத்தான் நினைவூட்டுகிறது.

எங்கள் கொல்லைக் கிணற்றிலிருந்து ஓர் இச்சியைப் பெயர்த்தது, குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஆனி மாதத்தில். மணிக்கட்டுப் பருமன் தண்டு. செங்கல் இடுக்கில் நுழைந்த வேர் தோசைத் திருப்பிபோலத் தட்டையாகியிருந்தது. அதைக் குறைத்து வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது, நடவுக்கு வந்த அக்கா ஒருவர் குனிந்து பார்த்தார். “என்ன தம்பி, நாத்து அலசுற மாதிரி அலசுறீங்க?”

அவர் சொன்னது விளையாட்டுக்கு என்றாலும் விஷயம் அதேதான். நாற்றங்காலில் நாற்றைப் பறிக்கும்போது வேர் அறுபடுகிறது. நட்ட வயல் சில நாள் மஞ்சள் பூத்து நிற்கிறது. பிறகு புதிய சல்லிவேர் இறங்க, பயிர் பச்சை பிடிக்கிறது. தொட்டி மரமும் அப்படித்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தடித்த வேரைக் குறைத்தால், தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் சல்லிவேர் பெருகும். வேர் குறைந்த அளவுக்கு மேலே இலையையும் குறைத்து, இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை கூடாது. புண் ஆறுமுன் அழுகிவிடும்.

இனி கிளை. நுனிக்குருத்து ஆக்சின் என்ற ஊக்கியைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது இருக்கும்வரை கீழ்க்கணுக்களின் மொட்டுகள் உறங்கும். நுனியைக் கிள்ளினால் அவை கண் திறக்கும். ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நான்காகும். வெட்டிய இடத்தில் இச்சி பால் வடிக்கும். சற்று நேரத்தில் அது உறைந்து காயத்தை மூடும். கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றலாம். நம் வெப்பத்தில் தண்டு வேகமாகப் பருக்கும் என்பதால், கம்பி பட்டையில் பதியுமுன் கழற்றிவிட வேண்டும்.

பலர் தவறுவது வரிசையில். விரல் பருமன் கன்றை வாங்கிவந்து தாம்பாளத் தொட்டியில் வைத்துவிட்டு, தண்டு பருக்குமென்று காத்திருப்பார்கள். பருக்காது. முதலில் தரையிலோ பெரிய தொட்டியிலோ விட்டுத் தாராளமாக வளர்த்து, தண்டு திரண்டபின் வெட்டிக் குறுக்கி, கடைசியாகத்தான் சிறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவது பாவமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கோபுரத்து இச்சிதான் பட்டினி. தொட்டி இச்சிக்கு வேளைக்குத் தண்ணீர், மாதமொரு முறை உரம். அதைக் குறுக்குவது கத்தரிக்கோல். 1625 முதல் தொட்டியில் பழக்கப்பட்ட ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன், 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சுக்கும் தப்பி, 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. வாஷிங்டனில் அது நானூறு வயதைத் தொட்டு நிற்கிறது. பட்டினி கிடந்த மரம் அத்தனை காலம் இருக்காது.

வீட்டில் ஆலும் அரசும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருளை என் இச்சி கற்றுத்தந்தது. தொட்டியை வெறும் தரையில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு திடீரென்று இலை பெருத்தது, தண்டு கொழுத்தது. உரத்தின் மகிமை என்று பெருமைப்பட்டு, இடம் மாற்றத் தொட்டியைத் தூக்கினால் அசையவில்லை. அடித்துளை வழியே சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர் இறங்கி, தரையைப் பிடித்து, கிணற்றுச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது தொட்டி இரண்டு செங்கல் மேல் நிற்கிறது. வாரம் ஒருமுறை அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.