கடல் கடந்தவர்களுக்குக் கல், ஊரில் இருப்பவர்களுக்கு?

ஒரகடத்தில் உருவாகும் கார்கள் இன்று எண்ணூர் துறைமுகம் வழியே கப்பலேறுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதி அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்கள் நம் மக்கள். பண்ணை அடிமைத்தனத்துக்கும் பஞ்சத்துக்கும் தப்பி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நிலமற்ற சேரி மக்கள் கணிசம்.

1860இல் சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. மசூலாப் படகில் அலையைக் கடந்துதான் கப்பலை அடைய வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் சென்னையை விட்ட ‘ட்ரூரோ’, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற சுமார் 1,52,000 இந்தியர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்களே. அவர்களின் பெயர், ஊர், சாதி எல்லாம் கப்பல் பட்டியல்களில் பதிவாகியுள்ளன.

மொரீசியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் கூலிகள் கரையேறிய 16 கற்படிகள் இன்றும் உள்ளன. அந்த ‘ஆப்ரவாசி காட்’ 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

போனவர்களுக்குக் கல் சாட்சி. இருந்தவர்களுக்குக் காகிதம்தான் சாட்சி. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் சேரி மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்நிலத்தைத் தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஆலைகள் வந்து சென்ட் கணக்கில் நிலம் விலை பேசப்படும் ஊர்களில் அந்த நிபந்தனையை நாம் மறக்கலாகாது. மாணவர்களே, கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். உங்கள் ஊரில் ‘டி.சி.’ நிலம் எது, இன்று யார் கையில் உள்ளது என்று பாருங்கள். நம் முன்னோரின் நினைவுச்சின்னம் அதுதான்.