குருதிக்கொடையும் கொடையாளரின் உண்மையும்

ஆண்டுதோறும் ஜூன் 14 ஆம் திகதி உலக குருதிக்கொடையாளர் தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. குருதி வகைகளை 1901 இல் உலகுக்கு வெளிப்படுத்திய கார்ல் லான்ட்ஸ்டைனரின் பிறந்த தினமே அதுவாகும். இத்தினத்தில் குருதிக்கொடையின் மகத்துவம் குறித்து நிறையவே பேசப்படுகின்றது. ஆனால், வழங்கப்படும் குருதி நோயாளிக்குத் தீங்கற்றதாக அமைய வேண்டுமென்பது குறித்து அந்தளவுக்குப் பேசப்படுவதில்லை.

எமது நாட்டில் குருதி சேகரிப்பும் விநியோகமும் தேசிய குருதி மாற்றுச் சேவையின் பொறுப்பில் உள்ளன. பணத்துக்காகக் குருதி வழங்குவோரும், நோயாளிக்கு ஏற்றப்பட்ட குருதிக்கு ஈடாகக் குருதி வழங்க அழைத்து வரப்படும் உறவினரும் இன்றி, முற்றுமுழுதாகச் சுயவிருப்பில் வரும் கொடையாளர்களை நம்பியே இச்சேவை 2014 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. வசதி படைத்த நாடுகள் பலவும் அடைய முயலும் நிலை இதுவென்பதை மறுப்பதற்கில்லை.

பெறப்படும் ஒவ்வொரு குருதிப் பொதியும் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து நோய்த்தொற்றுகளுக்காகச் சோதிக்கப்படுகின்றது. இவற்றுள் எவ்விதச் சோதனையும் சாத்தியமற்றிருந்த காலமொன்றும் இருந்தது. ஈரலழற்சி பி வைரஸை இனங்காணும் வழி 1960 களின் பிற்பகுதியிலேயே பிறந்தது. எச்.ஐ.வி. க்கான சோதனை 1985 இலும், ஈரலழற்சி சி வைரஸின் அடையாளம் 1989 இலும் கிடைத்தன. மலேரியாவற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் பிரகடனப்படுத்திய போதிலும், அந்நோய் நிலவும் நாடுகளுக்குச் சென்று திரும்புவோர் இருப்பதனால் அவதானம் இன்றும் தேவைப்படுகின்றது.

இவ்வளவு சோதனைகள் இருக்கையில், கொடையாளரிடம் அந்தரங்கமான கேள்விகளைக் கேட்பது எதற்காக என்ற ஐயம் எமது வாசகர்கள் பலருக்கு எழுவது இயல்பே. இதற்கான விடை 'சாளரக் காலம்' என்பதில் தங்கியுள்ளது. கிருமி ஒருவரது உடலினுள் புகுந்த நாளிலிருந்து, சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும் நாள் வரையிலான இடைவெளியே இவ்வாறு அழைக்கப்படுகின்றது. உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளைத் தேடும் சோதனையில், எச்.ஐ.வி. யைப் பொறுத்தவரை இக்காலம் ஏறத்தாழ மூன்று வாரங்களாகும். ஈரலழற்சி சி யைப் பொறுத்தவரை அது சுமார் இரண்டு மாதங்கள் வரை நீடிக்கலாம். வைரஸின் நியூக்கிளிக்கமிலத்தையே நேரடியாகத் தேடும் நவீன சோதனை, எச்.ஐ.வி. க்கான இடைவெளியைச் சுமார் 11 நாட்களாகக் குறைக்கின்றது. குறைக்கின்றதேயன்றி, இல்லாதொழிப்பதில்லை. இந்த இடைவெளியில் குருதி வழங்கும் ஒருவர் தோற்றத்தில் நலமாகவே இருப்பார். அவரது சோதனை முடிவும் சுத்தமானதாகவே வரும். ஆயினும் அவரது குருதி நோயைப் பரப்பும்.

ஆகவே, ஆய்வுகூடம் காணமுடியாததைக் கொடையாளரின் வாய்மொழி மட்டுமே காட்டமுடியும். பாலியல் நடத்தை, போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளல், அண்மையில் பச்சை குத்திக்கொண்டமை, செங்கமாரி ஏற்பட்டிருந்தமை, வெளிநாட்டுப் பயணம் என்பன பற்றிய வினாக்கள் இதன்பொருட்டே கேட்கப்படுகின்றன. அவை எவரது ஒழுக்கத்தையும் எடைபோடுவதற்கானவையல்ல.

இவ்விடத்தில்தான் எமது சமூகத்தின் நிலைமையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. குருதிக்கொடை முகாம்கள் ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும், மறைந்தோரின் நினைவு நாட்களிலும் நடத்தப்படுகின்றன. நண்பர்களும் உறவினர்களும் ஒன்றாகவே வருகின்றனர். தமக்கு ஆபத்து இருக்கக்கூடுமென அறிந்த ஒருவர், பலர் பார்த்திருக்க வரிசையிலிருந்து விலகினால் 'ஏன்' என்ற கேள்வி எழுமே என அஞ்சி, படிவத்தில் 'இல்லை' என எழுதிவிடக்கூடும். ஒரு கொடையிலிருந்து செங்குருதிக் கலங்கள், குருதிச் சிறுதட்டுகள், திரவவிழையம் எனக் கூறுகள் வேறாக்கப்பட்டு மூவருக்குக்கூட ஏற்றப்படலாம். ஒருவரின் கூச்சத்துக்கான விலையை, பிரசவத்தில் குருதி இழந்த தாயோ, மாதந்தோறும் குருதியை நம்பி வாழும் தலசீமியா சிறுவனோ செலுத்த நேரலாம்.

இவ்விடயத்தில் அலட்சியம் எத்தகைய அழிவைத் தருமென்பதற்குப் பிரித்தானியா சான்றாக உள்ளது. அங்கு 1970 களிலிருந்து 1990 களின் தொடக்கம் வரை 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குருதியாலும் குருதிப் பொருட்களாலும் எச்.ஐ.வி., ஈரலழற்சி சி முதலிய தொற்றுகளுக்கு ஆளாகினர். சுமார் மூவாயிரம் பேர் உயிரிழந்தனர். சிறைக்கைதிகளிடமிருந்தும், அமெரிக்காவில் பணத்துக்காகக் குருதி விற்றோரிடமிருந்தும் பெறப்பட்டவை அவற்றுள் அடங்கியிருந்தன. 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை, இப்பேரழிவின் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியது எனத் தீர்ப்பளித்தது.

தமக்கு எச்.ஐ.வி. உள்ளதா என்பதை அறியும் நோக்கில் குருதி வழங்க முன்வருவோரும் உளர். அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் பாலியல் நோய்த் தடுப்பு நிலையங்களில் இச்சோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகின்றது. அங்கு செல்வதே அவர்களுக்கும், முகந்தெரியாத நோயாளிக்கும் நன்மையானதாகும்.

முகாம்களை ஒழுங்கு செய்வோருக்கும் பொறுப்பு உண்டு. வினாக்கள் பிறர் காதில் விழாதவாறு தனியிடமொன்றை அவர்கள் ஒதுக்க வேண்டும். தமிழ் பேசும் கொடையாளருக்கு வினா விளங்காவிடின், அதனைத் தமிழில் விளக்கக்கூடிய ஒருவர் அருகில் இருத்தல் அவசியமாகும். யாதாயினும் காரணத்தால் குருதி வழங்காது திரும்பும் எவரிடமும் காரணம் வினவாதிருத்தல் அனைவரது கடமையாகும். ஈமோகுளோபின் குறைவு, நிறை குறைவு, அண்மைய காய்ச்சல் போன்ற சாதாரண காரணங்களாலும் பலர் திருப்பி அனுப்பப்படுகின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

குருதி வழங்குபவர் கொடையாளி. தாம் வழங்கத் தகுதியற்றவரென உணர்ந்து நேர்மையுடன் விலகி நிற்பவரும் ஓர் உயிரைக் காப்பவரே. இவ்வுண்மையை எமது சமூகங்கள் ஏற்று, விலகுவோரையும் கண்ணியத்துடன் நோக்கும் நிலை உருவாக வேண்டுமென்பதே எமது எதிர்பார்ப்பாகும்.