நான்கு துளி கறையான் மருந்து

சென்ற மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி என் கடைக்கு வந்து புதிய கறையான் மருந்தொன்றைக் காட்டினார். விலைக்கழிவு, கடன் தவணை என்று அவர் பேசத் தொடங்கியதும், "அதெல்லாம் இருக்கட்டும், பன்னிரண்டாம் பகுதியைக் காட்டுங்கள்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஹாட்வெயார் கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் நினைத்திருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பெயின்ட், பூச்சி மருந்து, கழுவும் திரவம் என்று ஏதோவொரு போத்தலை விற்கும் வியாபார நண்பர்கள் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

2019இல் நடந்தது. எங்கள் ஊரில் சீமெந்துத் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்த்து, ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்துவந்த இளைஞர் ஒருவர் வீட்டுக் கூரைக்குக் கறையான் மருந்து வாங்க வந்தார். "நானா, இது பாதுகாப்பானதுதானே? வீட்டில சின்னப் புள்ளைகள் இருக்காங்க" என்று கேட்டார். எனக்கு அதை விற்றவர் சொன்னதையே நானும் சொன்னேன். "ஆக்களுக்கு ஒண்டும் செய்யாது தம்பி. கையுறை போட்டுக்கொண்டு அடிங்க." அது சைபர்மெத்ரின் என்னும் மருந்து. சொன்னபடி செய்தால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்பது பொய்யுமல்ல. ஆனால் அவர் மருந்தடித்த மெசினைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கழுவியிருக்கிறார். மறுநாள் சுபஹு நேரத்திலேயே தொலைபேசி எடுத்தார். "நானா, மீனெல்லாம் மேல மிதக்குது. ஓடருக்கு நான் இனி என்னத்தக் கொடுக்க?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கழுவிய தண்ணீரைத் தொட்டிப் பக்கம் ஊற்றச் சொன்னவர் யார் என்று கேட்டேன். பிறகு, மொத்த வியாபாரி எப்போதோ தந்திருந்த எம்.எஸ்.டி.எஸ். தாளை மேசை லாச்சியிலிருந்து தேடி எடுத்தேன். அதன் பன்னிரண்டாம் பகுதியில் மீன்களுக்கான அளவு லீற்றருக்கு 0.0028 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. எவ்வளவு சிறிய எண்! நஞ்சும் சிறிதுதான் என்று எண்ணி, அந்தத் தாளையே அவரிடம் காட்டி வாதாடினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எண் சிறிதானால் நஞ்சு பெரிது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர், பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த என் மச்சானின் மகன்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் அவரே சொன்னார். மருந்தை ஐந்து வெவ்வேறு செறிவுகளில் தண்ணீரில் கலந்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழு மீன்களையாவது விடுவார்கள். மருந்தே கலக்காத தண்ணீரிலும் அதே மாதிரி மீன்கள் இருக்கும். இல்லாவிட்டால் மீன் மருந்தால் செத்ததா, தொட்டி சரியில்லாமல் செத்ததா என்று தெரியாது. 96 மணித்தியாலம் பார்த்து, பாதி மீன்கள் சாகும் செறிவைக் கணக்கிடுவார்கள். அதற்குத்தான் எல்.சி. 50 என்று பெயர். தப்னியா என்ற தண்ணீர்த் தெள்ளுக்கு 48 மணித்தியாலம். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் உயிர்த்தீனியாகப் போடுவார்களே, அதேதான். அது செத்ததா என்று பார்ப்பது கஷ்டம் என்பதால் நீந்துவதை நிறுத்திவிட்டதா என்று பார்ப்பார்கள். பாசிக்கு 72 மணித்தியாலம், அதன் வளர்ச்சி எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். உயிருள்ள மீன்களைக் குறைப்பதற்காக வரிக்குதிரை மீனின் முட்டைகளில் செய்யும் பரிசோதனை முறையொன்றும் 2013இல் வந்துவிட்டது.

இப்போது அந்தத் தொட்டிக் கணக்கைப் பார்ப்போம். தொட்டியில் 2,000 லீற்றர் தண்ணீர். லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம் வந்தாலே பல மீன்களுக்குச் சாவுதான். மொத்தம் 20 மில்லிகிராம் போதும். நான் விற்ற போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்குள் 100 மில்லிகிராம் மருந்து இருந்தது. ஆகவே 0.2 மில்லிலீற்றர், ஏறக்குறைய நான்கு துளி. மெசினின் அடியில் தங்கியதையும் குழாயில் மீதியிருந்ததையும் சேர்த்தால் நான்கு துளிக்கு மேல் வராதா? இந்தக் கணக்கைத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்த பிறகு நான் வாதாடவில்லை. நட்டத்தில் பாதியை மூன்று தவணையாகக் கொடுத்தேன். எனக்கு விற்றவர் ஒரு சதமும் தரவில்லை, அது வேறு கதை.

மனிதனுக்கு ஒன்றும் செய்யாதது மீனை மட்டும் ஏன் கொல்கிறது? இந்த வகை மருந்துகள் நரம்பைத்தான் தாக்குகின்றன. நம் உடல் அதை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். மீனால் அவ்வளவு விரைவாக முடியாது. அதோடு பூ வழியாக நேரே இரத்தத்துக்குப் போய்விடுகிறது. இறால், நண்டு, தப்னியா போன்றவை பூச்சிகளுக்குக் கிட்டிய சொந்தம் என்பதால் அவற்றின் கதி இன்னும் மோசம். புத்தளம் பக்கம் இறால் பண்ணைக்காரர்களுக்குப் பொருள் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

லேபலில் செத்த மீனும் பட்டமரமும் போட்ட அடையாளத்தை எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஐ.நா. 2003இல் வெளியிட்ட வகைப்படுத்தல் முறையில், எல்.சி. 50 லீற்றருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவானால் முதலாம் வகை. 1 முதல் 10 வரை இரண்டாம் வகை, 10 முதல் 100 வரை மூன்றாம் வகை. இதில் நம்மவர்கள் ஏமாறும் இடமொன்று உண்டு. உடனடி நச்சுக்கான இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு அந்த மீன் படம் கிடையாது. படம் இல்லை என்பதால் குளத்தில் ஊற்றலாம் என்று ஆகிவிடாது. 'தரவு இல்லை' என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். யாரும் பரிசோதிக்கவில்லை என்பதே அதன் பொருள். என் கையில் கிடைத்த மலிவான கழுவும் திரவத் தாள்களில் பாதிக்கு மேல் இந்த வாசகம்தான்.

எண் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இயலாது. மயில்துத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீர் போன்ற கடின நீரில் மீன் தாங்கும் அளவை, மலைநாட்டு மென்னீரில் தாங்காது. தண்ணீர் மாறினால் எண்ணும் மாறும். சைபர்மெத்ரினோ கண்ணாடியிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும் சரக்கு. ஆய்வுகூடத்தில் எவ்வளவு ஊற்றினோம் என்பதை மட்டும் எழுதிவிட்டு, தண்ணீரில் எவ்வளவு மிஞ்சியது என்று அளக்காமல் விட்டால், மருந்து உண்மையில் இருப்பதைவிடச் சாதுவானதாகத் தெரியும்.

டயர் வியாபாரம் செய்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில், மழை பெய்தால் கோஹோ என்ற சல்மன் மீன்கள் முட்டையிடு முன்பே செத்துப்போவதற்குப் பல ஆண்டுகளாகக் காரணம் தெரியவில்லை. 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். டயர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொரு நஞ்சாக மாறி, தெருத் தண்ணீரோடு ஓடைக்குப் போகிறது. முதலில் எல்.சி. 50 லீற்றருக்கு 790 நனோகிராம் என்றார்கள். தூய மாதிரிப் பொருள் கையில் கிடைத்து 2022இல் மீண்டும் அளந்தபோது 95 நனோகிராம் என்று வந்தது. அதே தண்ணீரில் சம் என்ற இன்னொரு சல்மன் மீன் ஒன்றும் ஆகாமல் நீந்துகிறது. ஒரு மீனில் சோதித்ததை எல்லா மீனுக்கும் சொல்ல முடியாதென்பதால்தான், மூன்று குறுகிய காலப் பரிசோதனைகள் மட்டும் கையில் இருந்தால் அவற்றில் மிகச் சிறிய எண்ணை 1,000ஆல் பிரித்து, அதற்குக் கீழேதான் பாதுகாப்பு என்று கணக்குப் போடுகிறார்கள்.

இறக்குமதி செய்பவர்கள் பதினான்காம் பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கே ஐ.நா. இலக்கம் 3082 அல்லது 3077 என்று இருந்தால் அது சூழலுக்கு ஆபத்தான சரக்கு. முன்னையது திரவம், பின்னையது திண்மம். கப்பலில் வரும்போது கடல் மாசுப் பொருள் என்ற அடையாளம் போட வேண்டும். 5 லீற்றருக்கு அல்லது 5 கிலோவுக்கு மேற்படாத சிறு பொதிகளுக்கு விலக்கு உண்டு. பூச்சி மருந்தென்றால் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி பூச்சிகொல்லிகள் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விற்பனைப் பிரதிநிதி இரண்டு நாள் கழித்துத் தாளை அனுப்பினார். பன்னிரண்டாம் பகுதியில் மீனுக்கு மட்டும் எண் இருந்தது, தப்னியாவுக்கும் பாசிக்கும் 'தரவு இல்லை'. நான் இன்னும் ஓடர் கொடுக்கவில்லை. மீன் வளர்க்கும் தம்பி இப்போதும் என் கடைக்கு வருகிறார். சாமான் எடுக்குமுன் மேசையில் கிடக்கும் கோப்பைத் தானே புரட்டிப் பார்த்துவிட்டு, "நானா, இதில பூச்சியம் எத்தனை?" என்று கேட்கிறார்.