காலிங் பெல் அடித்தால்... கதவைத் திறக்கும் முன் கேளுங்க!

மதியம் இரண்டு மணி. வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். காலிங் பெல் அடிக்கிறது. “கேஸ் ஆபீஸ்ல இருந்து வர்றோம்மா, அடுப்பு செக் பண்ணணும், டியூப் மாத்தணும்” என்கிறார் தோளில் பையோடு நிற்கும் ஒருவர். அம்மா கதவைத் திறக்கலாமா?

வீடு தேடி வருபவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. எல்லோருக்கும் ஒரே விதியும் அல்ல. வந்திருப்பவர் யார் என்பதுதான் முதல் கேள்வி.

கம்பெனி பெயரில் விற்க வருபவர்

சத்து பவுடர், அழகுசாதனம், சமையல் பாத்திரம் என ஏஜென்டுகள் மூலம் விற்கும் நிறுவனங்களுக்கு, மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021 பொருந்தும். இதன்படி:

• அடையாள அட்டை இல்லாமலும், உங்களிடம் முன்கூட்டியே நேரமோ அனுமதியோ பெறாமலும் விற்பனையாளர் வீட்டுக்கு வரக்கூடாது.
• பேச்சை ஆரம்பிக்கும்போதே தன் பெயர், நிறுவனம், வந்த நோக்கம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.
• வரி சேர்த்த முழு விலையையும், பொருளைத் திருப்பித் தரும் முறையையும் விளக்க வேண்டும்.

“இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர், உடனே பணம் கட்டுங்க” என்று அவசரப்படுத்தினால், “வேண்டாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கீரைக்கார அம்மாவும் கோலமாவு அண்ணனும்

தலைச்சுமையாகவோ தள்ளுவண்டியிலோ தெருத்தெருவாகப் போய் விற்பவர்களும் தெரு வியாபாரிகளே. இவர்களின் பிழைப்பைப் பாதுகாக்கவே 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்பு வழங்கும் விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் இவர்களுக்கு உண்டு. வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால், சந்தேகத்தின் பேரில் இவர்களை விரட்ட வேண்டாமே!

‘ஆபீஸ்ல இருந்து வர்றோம்’ என்பவர்

இங்குதான் கூடுதல் கவனம் தேவை. அடையாள அட்டையைக் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் வாங்கிப் பாருங்கள். பிறகு, கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். வந்தவர் தரும் எண்ணுக்கு அல்ல! உண்மையான ஊழியர் என்றால், ஐந்து நிமிடம் வெளியே காத்திருப்பார்.

மின்சார ரீடிங் எடுக்க வருபவர் கையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கட்டணத்தை ஆன்லைனிலோ மின்வாரிய கவுன்டரிலோ செலுத்தலாம். ஓடிபி கேட்டால், அவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். “நகையை பாலிஷ் போட்டுத் தர்றோம்” என்றால் கதவையே திறக்காதீர்கள். தங்கத்தைக் கரைக்கும் ரசாயனத்தில் முக்கி எடுத்தால், நகை பளபளக்கும், எடை குறைந்திருக்கும்.

அரசு ஊழியர் போல நடிப்பது, பாரதிய நியாய சன்ஹிதா 204-வது பிரிவின்படி குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

• ஆன்லைனில் பணம் பறிபோனால்: 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.
• பொருளில் குறை, பணம் திரும்ப வரவில்லை: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.
• மிரட்டல், அத்துமீறி நுழைதல்: 100 அல்லது 112. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியும் கைகொடுக்கும்.
• உண்மையிலேயே கேஸ் கசிந்தால்: 1906.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். இந்த எண்களையும் கேஸ் ஏஜென்சி எண்ணையும் அம்மாவின் போனில் பதிவு செய்து கொடுங்கள். “யாராவது வந்தா, முதல்ல எனக்கு ஒரு போன் போடும்மா” என்றும் சொல்லி வையுங்கள்.