கோடியக்கரைக்குக் குடும்பத்தோடு போகுமுன்

வெளிமானுக்கு ஆபத்து என்றால் துப்பாக்கியும் கண்ணியும் வைத்திருக்கும் வேட்டைக்காரர்தான் நம் நினைவுக்கு வருவார். விடுமுறை நாளில் கோடியக்கரைக் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் வேறு ஆட்கள் கண்ணில் படுவார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் குரங்குக்கு நீட்டும் தாத்தா, பறவைக் கூட்டம் எழும்புவதைப் படம் பிடிப்பதற்காகப் பிள்ளையை அதை நோக்கி ஓடவிடும் அப்பா, புல்லில் தனியே படுத்திருக்கும் மான்குட்டியை ‘ஐயோ பாவம்’ என்று தூக்கப்போகும் அக்கா. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இந்த மூன்று செயல்களும் அங்குள்ள உயிர்களைக் கொல்லக்கூடியவை. செய்தவரை வழக்கிலும் மாட்டிவிடக்கூடியவை.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது இந்தக் காடு. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடும், திறந்த புல்வெளியும், உப்பளங்களை ஒட்டிய பரந்த சேற்றுநிலமும் ஒரே இடத்தில் அமைந்திருப்பது அபூர்வம். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஈரநிலமாக இதுவே இருந்தது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து உள்ளான் இனங்கள் இங்கே வந்து தங்குகின்றன. பூநாரைகளும் அந்தக் காலத்தில்தான் கூடுகின்றன.

இந்தப் பறவைகளின் கணக்கைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கொசு உள்ளான் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பறவை. வந்த வழியே ஆர்க்டிக் பகுதிக்குத் திரும்புவதற்கான கொழுப்பை, இந்தச் சேற்றில் கிடைக்கும் புழுவையும் சிறு உயிரிகளையும் தின்றுதான் அது உடம்பில் சேர்க்கிறது. நாம் ஒருமுறை கைதட்டி எழுப்பினால், சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகிறது. மேய வேண்டிய நேரமும் போகிறது. ஒரு குடும்பம் ஒருமுறைதான் செய்கிறது. அடுத்த வண்டியில் வருபவர்களும் அதையே செய்யும்போது, அந்தப் பறவை நாள் முழுக்க எழும்பி எழும்பி இறங்குகிறது. பூநாரைக்கும் இதுவே கதி. தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கிப் போங்கள். தலை குனிந்து சேற்றை அலசும் பூநாரையை நின்ற இடத்திலிருந்தே பார்க்கும் பிள்ளைக்குக் கிடைப்பது, பதறிப் பறக்கும் பறவையின் முதுகைப் பார்ப்பவனுக்குக் கிடைக்காது.

மான்குட்டி விஷயமும் அப்படித்தான். வெளிமான் ஈன்ற குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய் மேயும். வேட்டை விலங்கைக் குட்டியிடம் இழுத்து வராமலிருக்க அது கையாளும் வழி அது. அசையாமல் கிடக்கும் குட்டி அநாதை அல்ல. அதைத் தொடாமல் உடனே விலகுங்கள். காயம் தெரிந்தால் மட்டும் வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள். கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களிலும் இதே விதிதான்: டார்ச் அடிக்கவும் கூடாது, முட்டையைத் தொடவும் கூடாது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வதை மட்டும் பொருளாகச் சொல்லவில்லை. பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே அதில் அடக்கம். வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 27-ஆம் பிரிவும், தீ மூட்டுவதை 30-ஆம் பிரிவும் தடுக்கின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான மீறலுக்கே மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மூலிகை பறிப்பதும், உதிர்ந்த மான்கொம்பை எடுத்து வருவதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். பாட்டிக்கு வைத்தியத்துக்கு ஆகும் என்று பறித்தேன் என்ற பதில் அங்கே செல்லாது.

உங்கள் குடும்பத்துக்குள்ள ஆபத்துகளில் முதலாவது குரங்கு. தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு, கொடுக்காத பிள்ளையின் கையைக் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். அங்கே திரியும் குதிரைகள் வளர்ப்பினம்தான் என்றாலும் காட்டிலேயே பெருகியவை. பின்பக்கமாகப் போய் செல்ஃபி எடுக்காதீர்கள்.

பாம்புக்கு அஞ்சித் தடம் விட்டு இறங்காமல் இருந்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போவதில் நேரம்தான் போகும். நல்ல நேரம் பார்த்து மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது, நாட்டு வைத்தியரிடம் போய்விட்டு வரலாம் என்றும் நினைக்கக் கூடாது.

‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்துவிட்டு, அதில் வரும் ஓடக்காரப் பெண் பூங்குழலியின் கரையைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அந்தக் கதையில் வரும் சேற்றுப் பள்ளம் வெறும் கற்பனை அல்ல. மேலே காய்ந்து வெடித்திருக்கும் பரப்புக்கு அடியில் கால் புதையும் குழம்பு இருக்கலாம். பிள்ளைகளைத் தடத்தை விட்டு இறக்காதீர்கள். ஆடி, தை அமாவாசைகளில் இங்கே கடலாடுவது வழக்கம். மற்ற நாள்களில் இறங்குமுன், கரையிலுள்ள மீனவரிடம் தண்ணீர் எப்படி இழுக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கடலை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் புயல் அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியை என்ன செய்தது என்பதை அந்த ஊர்க்காரர் யாரிடமும் கேட்கலாம்.

கடமை பேசியதோடு நின்றுவிட்டால் அது அநியாயம். பார்வையாளருக்கு உரிமையும் உண்டு. நுழைவுக் கட்டணத்துக்கும் வாகனக் கட்டணத்துக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். மீறலை வழக்கில்லாமல் முடிக்கப் பணம் கேட்டால், அந்த இணக்கத் தொகையை முடிவுசெய்ய அரசு அதிகாரம் அளித்த உயர் வன அலுவலருக்கே உரிமை உண்டு. ரசீதில்லாமல் கையில் கொடுக்காதீர்கள். ‘மானை ரொம்பக் கிட்டத்தில் காட்டுகிறேன்’ என்று கூடுதல் பணம் வாங்கி விரட்டிக் காட்டுபவரை ஏற்க வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லலாம். பயண நிறுவனம் பணம் வாங்கிவிட்டுச் சொன்ன சேவையைத் தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. வன உயிரினக் குற்றத்தைப் பார்த்த எவரும், குற்றத்தையும் தாம் வழக்குத் தொடுக்கும் எண்ணத்தையும் குறிப்பிட்டு உரிய முறையில் அறுபது நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு, தாமே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். வனத்துறை நடவடிக்கை எடுக்காவிட்டால் குடிமகன் கையிலிருக்கும் கருவி இது. ஈரநிலத்தை மண்கொட்டி மூடுவது, கழிவு கொட்டுவது, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறிக் கட்டுவது போன்றவற்றுக்கு வழி வேறு: சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அங்கே வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். ஆனால் தகராறுக்குக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வன உயிரினச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் வரம்பில் இல்லை என்பதால், மானை விரட்டிய புகாரோடு அங்கே போனால் காலம்தான் விரயமாகும்.

முதல் படி எப்போதும் எழுத்துப் புகார். தேதி, நேரம், கைபேசி காட்டும் இட விவரம், வாகன எண், தொலைவிலிருந்து எடுத்த படம் ஆகியவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் கையொப்பமும் பெறுங்கள். இன்னொரு நகலை வன உயிரினக் காப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், புகாரின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.