'வெளியில விட்டா வாரண்டி போயிரும்' என்பது உண்மையா? ஷோரூம் சர்வீஸா, நம்ம ஊர் மெக்கானிக்கா?

புது கார் வாங்கியவர்களுக்கு முதல் வருஷம் இந்தக் குழப்பம் வராது. ஃப்ரீ சர்வீஸ் கூப்பன் இருக்கும். 'ஃப்ரீ' என்பது லேபருக்கு மட்டும்தான். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கூப்பன் தீர்ந்து, லேபரும் சேர்ந்த முதல் பில் வரும்போதுதான் கேள்வி எழும்: இனிமேலும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகணுமா?

திருச்செங்கோடு மாதிரி ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பிராண்டுகளின் பெரிய சர்வீஸ் சென்டருக்கு ஈரோடு, சேலம், நாமக்கல் என்று போக வேண்டும். காலையில் வண்டியை விட்டால் சாயங்காலம்தான் கிடைக்கும். ஒரு நாள் லீவு போச்சு. ஆனால் இரண்டு தெரு தள்ளியே அப்பா காலத்து மெக்கானிக் ஒருத்தர் இருப்பார். "ஏனுங்கண்ணா, உங்ககிட்ட விட்டா வாரண்டி போயிருங்களா?" என்று கேட்டால், "போயிரும்னுதானுங்க சொல்றாங்க" என்று அவரே இழுப்பார்.

ஒரு வகையில் இந்த ஊருக்கு இந்தத் தயக்கம் வந்திருக்கவே கூடாது. போர்வெல் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுக்கப் பெயர் போன ஊர் இது. கோடி ரூபாயைத் தாண்டும் ரிக், எங்கோ வடக்கே ஒரு காட்டில் நின்றுபோனால், கம்பெனி ஆள் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஹைட்ராலிக் ஹோஸ், வெல்டிங், லேத் வேலை என்றால் கூட இருக்கிற ஆட்களே முடிப்பார்கள். கம்ப்ரஸருக்குள்ளேயே கோளாறு என்றால் கம்பெனிக்காரரைக் கூப்பிடுவார்கள். எங்கே விடுவது என்பதை விட, எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அங்கே கேள்வி. காருக்கும் அதே கணக்குதான். நடுவில் நிற்பது அந்த வாரண்டி பயம்.

வாரண்டி பற்றி ஆணையம் சொன்னது என்ன?

2011-ல் ஒரு கார் உரிமையாளர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அசல் உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் கம்பெனியின் டீலர்களுக்கு மட்டுமே கிடைக்கின்றன, வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைப்பதில்லை, அதனால் டீலர் சொல்வதுதான் விலை என்பது புகாரின் சாரம். முதலில் 3 கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது.

2014 ஆகஸ்ட் 25-ல் தீர்ப்பு வந்தது. மாருதி சுசுகி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா உள்ளிட்ட 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் இந்திய சராசரி விற்றுமுதலில் 2 சதவீதம். பல உதிரிபாகங்களில் லாபம் 100 சதவீதத்துக்கும் மேல் ஏற்றப்பட்டிருந்ததும் விசாரணையில் தெரிந்தது.

அபராதத் தொகைதான் அன்றைய தலைப்புச் செய்தி. கார் வைத்திருப்பவருக்கு முக்கியமானது அதோடு வந்த உத்தரவு. வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது ஆணையம். வெளியில் செய்த தவறான வேலையால் எந்தப் பாகம் கெட்டதோ, அந்த அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். ஊர் மெக்கானிக் பிரேக் பேடு மாற்றினார் என்பதற்காக ஏசி கம்ப்ரஸர் வாரண்டியை மறுக்கக் கூடாது என்று அர்த்தம். உதிரிபாகங்களையும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. வழக்கு மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று வருஷக்கணக்கில் இழுத்தது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் விஷயத்தில் ஆணையத்தின் முடிவை ஏற்றது, அபராதத்தைக் குறைத்தது. 2022 டிசம்பர் 24-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் ஆட்டோமொபைலும் ஒரு பிரிவாகச் சேர்ந்தது. இவ்வளவு நடந்தும், "வெளியில விட்டா வாய்டு ஆயிரும் சார்" என்ற வார்த்தை சர்வீஸ் கவுன்ட்டர்களில் இன்னும் கேட்கத்தான் செய்கிறது.

அப்போ தைரியமா வெளியில விடலாமா?

கொஞ்சம் பொறுங்க. உத்தரவு உங்கள் பக்கம் இருப்பது வேறு, கியர்பாக்ஸ் போன அன்றைக்கு டீலரிடம் நின்று வாதாடுவது வேறு. அட்டவணைப்படி, சரியான கிரேடு ஆயில் ஊற்றி சர்வீஸ் செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, பாகத்தின் எண் எல்லாம் உள்ள ஜிஎஸ்டி பில் இல்லையென்றால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். பல பட்டறைகளில் இன்றும் துண்டுச் சீட்டுதான் பில்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்னும் கறார். அது நீங்கள் தனியாகக் காசு கட்டிப் போட்ட ஒப்பந்தம். குறித்த காலத்தில், அங்கீகரித்த சென்டரில் சர்வீஸ் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். அதை வாங்கியவர்கள் அந்தக் காலம் முடியும் வரை வருடாந்திர சர்வீஸை அங்கேயே விடுவதுதான் புத்திசாலித்தனம்.

வாரண்டியைத் தாண்டியும் சில வேலைகளை வெளியில் கொடுக்கக் கூடாது. முதலாவது ரீகால். தயாரிப்பில் குறை என்றால் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. உலகம் முழுக்கப் பல கோடி கார்களில் மாற்றப்பட்ட டகாட்டா ஏர்பேக் இப்படித்தான். செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும். கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

ஏர்பேக், சாவி புரோகிராமிங், சாஃப்ட்வேர் அப்டேட், மின்சாரக் காரின் ஹை வோல்டேஜ் பேட்டரி ஆகியவையும் கம்பெனி வேலைதான்.

டீசல் கார் ஓட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு, டீசல் கார்களின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதற்கென்று சாம்பல் குறைந்த ஆயில் உண்டு. 'எல்லா ஆயிலும் ஒண்ணுதானுங்க' என்று பழைய பழக்கத்தில் ஊற்றினால் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு, வெளியில் விட்டு மிச்சப்படுத்திய அத்தனை வருஷக் காசையும் ஒரே நாளில் விழுங்கிவிடும். அந்த ஃபில்டரையே வெட்டி எடுத்துவிடச் சொல்லும் யோசனையும் வரும். அது சட்டவிரோதம்.

ஊர் மெக்கானிக்கின் இடம்

பிரேக் பேடு, பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங், கிளட்ச் போன்ற வேலைகளுக்கு நல்ல ஊர் மெக்கானிக் போதும். சில நேரம் அவரே மேல். சர்வீஸ் சென்டரில் உங்களிடம் பேசுபவர் அட்வைசர், வண்டியில் கை வைப்பவர் வேறு. பட்டறையில் இரண்டும் ஒரே ஆள். 'இடது பக்கம் கடகடன்னு சத்தம்' என்றால் கூடவே உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார்.

பாகம் அசலா என்ற பயம் நியாயம்தான். ஆனால் கம்பெனி பெட்டியில் வரும் பல பாகங்களைக் கார் கம்பெனியே செய்வதில்லை. லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற நம் மாநில நிறுவனங்களும் பாஷ், வேலியோ போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கின்றன. தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா உதிரிபாகங்களுக்கும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டிதான். பாகத்தை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுக்கலாம், கழற்றிய பழசைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

மெக்கானிக்கைத் தேர்வு செய்ய ஒரு கேள்வி போதும்: "ஸ்கேனர் வெச்சிருக்கீங்களாண்ணா?" செக் இன்ஜின் லைட் எரியும்போது ஸ்கேனர் போடாமல், சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவரிடம் விடாதீர்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது கார் மேனுவலை எடுத்துப் போங்கள். இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று எஸ்டிமேட்டில் வருவது மேனுவல் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அடித்துவிடச் சொல்லலாம். பில் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

வெளியில் விட்ட காரணத்தைச் சொல்லி வாரண்டியை மறுத்தால், வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். எந்த வெளி வேலையால் எந்தப் பாகம் கெட்டது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் மெயில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில்களையும் அந்த மெயிலையும் பத்திரமாக வைத்திருங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.