விமான மூக்கில் ஓர் அழகி!

இடது பக்கம் நின்று பார்த்தால் அவளுடைய நீச்சல் உடை நீலம். வலது பக்கம் போய்ப் பார்த்தால் சிவப்பு!

அவள் இருந்த இடம், குண்டு வீச்சு விமானம் ஒன்றின் மூக்கு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் தங்கள் விமானத்தின் முன்பக்கத்தில் படம் எழுதி வைப்பது வழக்கம். அப்படிப் பெரும் புகழ் பெற்ற விமானம் "மெம்பிஸ் பெல்". "பெல்" என்றால் அழகி. மெம்பிஸ், அமெரிக்காவில் உள்ள ஒரு நகரம்.

காதலியின் ஊர்

விமானத்தை ஓட்டியவர் ராபர்ட் மார்கன். அவருடைய காதலி மார்கரெட் போல்க்கின் ஊர்தான் மெம்பிஸ்.

பெயர் மட்டும் போதுமா? "எஸ்கொயர்" பத்திரிகையில் அழகிகளை வரைந்து வந்த ஜார்ஜ் பெட்டியிடம் மார்கன் ஒரு படம் கேட்டு வாங்கினார். ஆகவே மூக்கில் இருந்தது காதலியின் முகம் அல்ல. பத்திரிகை அழகியின் முகம்!

அதை விமானத்தில் எழுதியவர் டோனி ஸ்டார்சர் என்ற சிப்பாய். இங்கிலாந்தில், பாசிங்போர்ன் விமான தளத்தில் வேலை பார்த்தவர். நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களுக்குப் படம் எழுதியவர்.

அது லேசான வேலை அல்ல. மூக்கு உயரத்தில் இருக்கும். ஏறி நின்றுதான் எழுத வேண்டும். பத்திரிகையில் உள்ள சின்னப் படத்தைப் பல மடங்கு பெரிதாக்க வேண்டும். விமானத் தகடோ வளைந்திருக்கும். அந்த வளைவில் முகம் கோணாமல் வர வேண்டுமே!

25 குண்டுகள்

குண்டு வீசித் திரும்பும் ஒவ்வொரு முறையும் மூக்கில் ஒரு சின்னக் குண்டு எழுதுவார்கள். 25 சேர்ந்தால் வீரர்கள் ஊர் திரும்பலாம். ஆனால் அதற்குள் எத்தனையோ விமானங்கள் சுடப்பட்டு விழுந்தன. படமும் போயிற்று, ஆட்களும் போனார்கள்.

மார்கனும் தோழர்களும் 1943 மே மாதம் 25ஐ முடித்தார்கள். உயிரோடு ஊர் திரும்பினார்கள். அமெரிக்காவே கொண்டாடியது.

கல்யாணம் நடந்ததா?

இல்லை. நிச்சயம் முறிந்துவிட்டது. மார்கன் டாரதி என்ற பெண்ணை மணந்தார். 1944 நவம்பரில் அவர் டோக்கியோ மீது குண்டு வீசப் போனபோது ஓட்டிய விமானத்தின் பெயர் "டான்ட்லஸ் டாட்டி". டாட்டி என்பது டாரதியின் செல்லப் பெயர்!

பழைய விமானத்தை 1946ல் மெம்பிஸ் நகரம் 350 டாலருக்கு வாங்கியது. பல ஆண்டுகள் அது வெயிலிலும் மழையிலும் கிடந்து பாழாயிற்று. அதைக் காப்பாற்ற நிதி திரட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மார்கரெட் போல்க்! 1990ல் அவர் காலமானார்.

விமானம் பிழைத்துக்கொண்டது. புது வர்ணம் பூசி, 2018 மே மாதம் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்கள்.